விஜயன், ஓ. வி. (1930–2005)

மலையாள நாவலாசிரியர், அரசியல் கேலிச்சித்திரக்காரர். பாலக்காட்டுக்காரர், சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில முதுகலை படித்து, சில காலம் கல்லூரி ஆசிரியராக இருந்தார். 1958இல் தில்லிக்குப் போய் 'சங்கர்ஸ் வீக்லி'யில் சேர்ந்தார். பின்னர் 'பேட்ரியட்', 'தி இந்து' ஏடுகளிலும் வரைந்தார். வாய்விட்டுச் சிரிக்க வைப்பவை அல்ல அவர் சித்திரங்கள். கோடுகள் குறைவு, கசப்பு அதிகம்.

தஸ்ராக் என்ற பாலக்காட்டுச் சிற்றூரிலிருந்து பிறந்த 'கசாக்கின்றெ இதிகாசம்' (1969) மலையாள உரைநடையின் போக்கையே திருப்பியது. தமிழில் யூமா வாசுகி மொழிபெயர்த்திருக்கிறார். ஆனால் கேலிச்சித்திரக்காரரின் கை முழுதாகத் தெரிவது 'தர்மபுராண'த்தில்தான். பிரஜாபதி என்னும் சர்வாதிகாரியின் மலங்கழிப்பே அங்கு அரச காரியம். அருவருப்பு வேண்டுமென்றே பூசப்பட்டது. முகம் சுளித்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. 1975இல் தொடராக வரவிருந்த இதை நெருக்கடிநிலை தடுத்தது. தடை நீங்கியபின் தொடராக வெளிவந்து, 1985இல் நூலானது.

பிற்கால நாவலான 'குருசாகரம்' ஆன்மிகம் பக்கம் சாய்ந்தது. இடதுசாரி நண்பர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. அதற்கு 1990இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது, 2003இல் பத்மபூஷண். பார்க்கின்சன் நோயால் நெடுநாள் அவதியுற்று, ஐதராபாத்தில் காலமானார்.