வெற்றிலைப் பையும் ஆய்வுக்கூடத் தட்டும்

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டறிந்த பகாங் மலைப்பகுதி, இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அம்மலைச் சரிவுகளைப் பசுமையாக்கிய உழைப்பில் தமிழர் பங்கு பெரிது.

மலேசியத் தோட்டப்புறங்களில் கொழுந்துக் கூடைக்கும் பால்வாளிக்கும் துணையாக வெற்றிலைப் பையும் சென்றது. களைப்புக்கு மருந்தெனக் கருதிய அப்பழக்கமே பலருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றாய் முடிந்தது. இந்நாட்டு இந்தியரிடையே, சிறப்பாகப் பெண்களிடையே, வாய்ப்புற்றுநோய் மிகுந்திருப்பதற்கு இப்பழக்கம் முதன்மையான காரணமாகும். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் புகையிலை கலந்த வெற்றிலையையும், 2004இல் பாக்கையும் புற்று விளைப்பவை என வகைப்படுத்தியது.

இந்நோய்க்குரிய மருந்தை எதன்மேல் சோதிப்பது? நோயாளியின் உடலையே முதற்களமாக்குதல் முறையன்று. தோட்டத்து நாற்றங்காலை எண்ணிப் பார்ப்போம். தாய்ச்செடியினின்று ஓர் இலையோடு நறுக்கிய சிறு தண்டு, வேரூன்றித் தாயின் இயல்போடே வளர்கின்றது. அதுபோல், நோயாளியின் கட்டியினின்று எடுத்த உயிரணுக்களை ஊட்டநீரில் வளர்த்து, அவற்றின்மேல் மருந்தைச் சோதிக்கின்றனர்.

1907இல் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை உடலுக்கு வெளியே வளர்த்துக் காட்டினார். 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணியின் புற்றணுக்கள் ஆய்வுக்கூடத்தில் இடையறாது பெருகின. அவரும் புகையிலை வயலில் உழைத்து வளர்ந்தவரே! அவருடைய இசைவைக் கேட்டவர் இலர். 2023இல்தான், அவ்வணுக்களால் ஊதியம் ஈட்டிய ஒரு நிறுவனம் அவர் குடும்பத்தாரோடு உடன்பாடு கண்டது.

தட்டில் ஒரே படலமாய்ப் பரவும் அணுக்கள் உறுப்பின் கட்டமைப்பைப் பெறுவதில்லை. 2009இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர், எலிக்குடலின் ஒற்றை மூல உயிரணுவினின்று முப்பரிமாணச் சிற்றுறுப்பை வளர்த்தனர். பின்னர் மனிதக் கட்டிகளும் அவ்வாறே வளர்க்கப்பட்டன. எனினும், குருதியோட்டமும் நோய்த்தடுப்பாற்றலும் இயல்பாய் அமைந்த முழுவுடலுக்கு அவை ஈடாகா.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 2001இல் தொடங்கப்பெற்று, இன்று மலேசியப் புற்றுநோய் ஆய்வுக் கழகம் எனப்படும் அமைப்பின் ஆய்வாளர்கள், பல இனத்தாரிடமிருந்தும், வெற்றிலை போடுதல் முதலிய வெவ்வேறு பழக்கமுடையோரிடமிருந்தும் பெற்ற வாய்ப்புற்றணு வரிசைகளை வளர்த்தனர். ஓ.ஆர்.எல். எனப்படும் அவற்றின் விரிவான ஆய்வு 2016இல் வெளிவந்தது. புகைத்தலால் வந்த புற்றும் பாக்கினால் வந்த புற்றும் எல்லா வகையிலும் ஒன்றெனக் கொள்ளுதல் இயலாது. ஆதலின், நம் மக்களின் நோயை நம் மக்களின் திசுவில் ஆராய்தல் இன்றியமையாதது.

திசுவைத் தருபவரின் இசைவு முதலில் வேண்டும். அதனால் விளையும் அறிவு அவர்தம் வாயிலுக்கே திரும்பி வரவும் வேண்டும். ஆறாத வாய்ப்புண்ணையும் வெண்படலத்தையும் கண்டவுடன் மருத்துவரிடம் செல்லுமாறு பாட்டிக்கு எடுத்துரைக்கும் மாணவன், அவ்வறிவின் முதல் தூதுவன் ஆவான்.