தனியாக வராத ‘தனிப்புண்’: மலக்குடல் நோயொன்றின் பெயர் வரலாறு

மலத்தோடு இரத்தம் போனால் ‘மூலமாக இருக்கும்’ என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். குழாய்க் கருவி விட்டுப் பார்க்கும் மருத்துவருக்குச் சில சமயம் வேறொன்று தென்படும். மலக்குடலின் முன்சுவரில், ஆசனவாயிலிருந்து ஏறத்தாழ 5 முதல் 10 செ.மீ. உயரத்தில், வெளிறிய படலம் மூடிய ஆழமற்ற புண். சுற்றிலும் சிவந்த கரை. இதுதான் ‘சாலிட்டரி ரெக்டல் அல்சர்’, அதாவது மலக்குடல் தனிப்புண். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்கு வரலாம் என்பது அடிக்கடி எடுத்தாளப்படும் மதிப்பீடு. இளம் வயதினரே மிகுதி.

இதன் முதல் பதிவு பாரிஸ் நோய்க்கூற்று அறிஞர் ழான் க்ருவேயியேவினுடையது. 1829 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த தம் படத்தொகுப்பில் நாட்பட்ட மலக்குடல் புண்களை அவர் விவரித்தார். பிறகு ஒரு நூற்றாண்டு இது பெரிதாகப் பேசப்படவில்லை. 1930களில் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் லாயிட்-டேவிஸ் ‘தனிப்புண்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சொல் நிலைத்தது, கூடவே ஒரு தவறும் நிலைத்தது. சிலருக்குப் புண் ஒன்றுக்கு மேல் இருக்கும். சிலருக்குப் புண்ணே இராது. வெறும் சிவப்புத் திட்டோ, கட்டி போன்ற புடைப்போதான் இருக்கும்.

அந்தத் தவறு வெளிப்பட்டது நுண்ணோக்கியின் அடியில். 1969இல் அதே செயின்ட் மார்க்ஸின் மேடிகனும் மார்சனும் 68 நோயாளிகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். இந்த வரலாற்றின் திருப்புமுனை அதுவே என்பது என் கணிப்பு. இயல்பான மலக்குடலின் உட்படலத்தில் குழல்வடிவச் சுரப்பிகள் சோதனைக் குழாய்களை அடுக்கியதுபோல நேராக நிற்கும். இடையிலுள்ள இணைப்புத் திசு தளர்வாக இருக்கும். இந்நோயிலோ அடியிலுள்ள மெல்லிய தசையடுக்கு தடிக்கிறது. அதன் இழைகள் சுரப்பிகளுக்கு நடுவே மேல்நோக்கி ஏறுகின்றன. நாரும் தசையும் தளர்திசுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நெருக்குண்ட சுரப்பிகள் கோணி, சில இடங்களில் வைரக்கல் வடிவம் கொள்கின்றன. புண் இல்லாத திட்டிலும் இதே மாற்றம் காணப்படுவதால், நோயை உறுதிசெய்வது கண்ணுக்குத் தெரியும் புண்ணல்ல, பயாப்ஸிதான்.

தசை ஏன் மேலேறுகிறது? 1975இல் ரட்டரும் ரிடெலும் பார்வையை மலங்கழிக்கும் செயலின் பக்கம் திருப்பினர். முக்கும்போது தளர வேண்டிய இடுப்புத்தளத் தசை சிலருக்கு மாறாகச் சுருங்குகிறது. மூடிய கதவில் மோதுவதுபோல உட்படலம் கீழிறங்கி நசுங்குகிறது, இரத்தவோட்டம் குறைகிறது, புண் படுகிறது. நெடுநேரம் கழிவறையில் உட்கார்ந்தும் ‘முழுசாப் போகலை’ என்ற உணர்வு, சளி, சிலர் விரலால் மலத்தை எடுத்துவிடும் பழக்கம் (கேட்டாலொழிய யாரும் சொல்வதில்லை) ஆகியவை இதனோடு பொருந்திவருகின்றன. 1983இல் டு பூலே குழுவினர் ‘உட்படலப் பிதுக்க நோய்த்தொகுதி’ என்ற பொதுப்பெயரின்கீழ் இதையும் நெருங்கிய பிற கோளாறுகளையும் சேர்த்தனர். பொருத்தமான பெயர், ஆனாலும் பழையதை அது வீழ்த்தவில்லை.

பெயர்ப் பிழைக்கு விலை உண்டு. புடைப்பு வடிவம் புற்றுநோயாகவும், சிவப்புத் திட்டு குடலழற்சியாகவும் தவறாகக் கணிக்கப்பட்டதுண்டு. திசுவின் ஆழத்தில் சிக்கிச் சளி நிறைந்த சுரப்பிகள், ஊடுருவும் புற்றைப் போலத் தோன்றி நோய்க்கூற்று வல்லுநரையே ஏமாற்றக்கூடும். சிகிச்சையும் புண்ணைவிட்டுப் பழக்கத்துக்கு நகர்ந்திருக்கிறது. நார்ச்சத்து, முக்காமலிருத்தல், தசையைத் தளர்த்தக் கற்றுத்தரும் பயோஃபீட்பேக் பயிற்சி ஆகியவையே முதலில். மலக்குடல் வெளித்தள்ளினாலோ இவை பலிக்காவிட்டாலோதான் அறுவை. புண்ணை மட்டும் வெட்டியெடுத்தால், முக்குவது தொடரும்வரை அது திரும்ப வரலாம்.