கொட்டில் வழி வந்த காய்ச்சல்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருளாகும். இதனை இலக்கியம் பயின்றோர் நன்கு அறிவர். கால்நடை நலிந்தால் குடும்பம் நலியும் என்பதை நம் முன்னோர் அனுபவத்தால் உணர்ந்திருந்தனர். ஆயினும் கால்நடையின் நோய், அதனைப் பேணும் மனிதனின் உடலுக்கே வந்து சேரக்கூடும் என்னும் உண்மையை உலகம் ஆராய்ந்து தெளிவதற்கு நெடுங்காலம் பிடித்தது. அத்தெளிவு ஓர் இடத்தில் கைவிடப்பட்டால் எத்தனை உயிர்கள் பலியாகும் என்பதற்கு, மலேசிய மண்ணில் 1998, 1999ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த நிப்பா நோயின் வரலாறு தக்க சான்றாகும்.

இரு துறைகளும் ஒரு வேரும்

ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் வெக்கை நோய் மாடுகளை மந்தை மந்தையாக அழித்தது. அவ்வழிவே முறையான கால்நடை மருத்துவக் கல்விக்கு வித்திட்டது. 1761இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் குளோது பூர்ழெலா என்பவர் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவினார். அடுத்த நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவ மேதை ருடால்ப் விர்க்கோ, விலங்கிலிருந்து மனிதனுக்குத் தொற்றும் நோய்களுக்குத் தனிப்பெயர் ஒன்றைச் சூட்டினார். விலங்கு மருத்துவத்துக்கும் மனித மருத்துவத்துக்கும் இடையே எல்லைக்கோடு இல்லை என்பது அவர் கொள்கை.

அக்கொள்கை வெறும் ஏட்டளவில் நிற்கவில்லை. அமெரிக்காவில் தெற்குப் பகுதி மாடுகள் வடக்கே ஓட்டிச் செல்லப்பட்டபோதெல்லாம் வடக்கத்தி மாடுகள் காய்ச்சல் கண்டு மாண்டன. வந்த மாடுகளோ நலமாகவே இருந்தன. தியோபால்டு ஸ்மித் என்னும் மருத்துவரும், கில்போர்ன் என்னும் கால்நடை மருத்துவரும் கூடி இப்புதிரை ஆராய்ந்தனர். வேலியிட்ட நிலங்களில் உண்ணி உள்ள மாடுகளையும் உண்ணி அகற்றப்பட்ட மாடுகளையும் தனித்தனியே நிறுத்திச் சோதித்தனர். உண்ணி இருந்த நிலத்தில் மட்டுமே நோய் பரவியது. ஒரு சிற்றுயிர் நோயைச் சுமந்து சென்று பிற உயிருக்கு ஏற்றுகிறது என்பதை 1893இல் அவர்கள் ஐயமற நிலைநாட்டினர்.

அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1897இல், செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1901 முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டிக் கொசுவை ஒழிக்க முற்பட்டார். தோட்டப்புறங்களில் காய்ச்சலுக்குக் கொத்துக் கொத்தாய் மடிந்த தொழிலாளர்களின் உயிரைக் காத்த வழி அதுவே. மாட்டின் உண்ணியில் தொடங்கிய சிந்தனை, ரப்பர்த் தோட்டத்து லயன் வீடு வரை வந்து பயன் தந்தது எனலாம்.

கிந்தாவில் எழுந்த காய்ச்சல்

1998 செப்டம்பர் இறுதியில் பேராக் மாநிலம் கிந்தா வட்டாரத்தில், ஈப்போவுக்கு அருகே பன்றிப் பண்ணைகளில் உழைத்தோர் சிலர் கடுங்காய்ச்சலுக்கு ஆளாயினர். தலைவலி, மயக்கம், நினைவு தப்புதல், வலிப்பு என நோய் வளர்ந்தது. சிலர் சில நாட்களிலேயே இறந்தனர். மூளைக்காய்ச்சல் என்பதில் மருத்துவர்களுக்கு ஐயமில்லை. எந்த மூளைக்காய்ச்சல் என்பதே வினா.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்நாட்டுக்குப் புதியதன்று. அதன் கிருமி பன்றியின் உடலில் பெருகும். கொசுவின் வழியே மனிதனைச் சேரும். நோயுற்றோர் பன்றி வளர்ப்போர். சிலருடைய இரத்தச் சோதனையும் அந்நோயையே சுட்டியது. ஆகவே அதுவே காரணம் என முடிவு செய்யப்பட்டது. கொசுப் புகை அடிக்கப்பட்டது. மக்களுக்கும் பன்றிகளுக்கும் தடுப்பூசி போடப்பட்டது. முடிவு அறிவுக்குப் பொருந்தாத ஒன்றன்று. எனினும் நோய் அடங்கவில்லை.

பொருந்தாத தடயங்கள்

கூர்ந்து நோக்கியோருக்குச் சில செய்திகள் உறுத்தலாகவே இருந்தன.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கோ நோயுற்றோர் பெரும்பாலும் வயது வந்த ஆண்கள். குழந்தைகள் மிகச் சிலரே. கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. அவ்வாறிருக்க, கொட்டிலில் இறங்கி வேலை செய்தோரே வீழ்ந்தனர். அதே ஊரில், அதே கொசுக்கடியில் வாழ்ந்தும் பன்றியைத் தொடாதோர் தப்பினர். நோயுற்றோரில் பெரும்பாலோர் சீனர். இந்தியரும் சிலர் இருந்தனர். முஸ்லிம்கள் அரிதாகவே காணப்பட்டனர். தடுப்பூசி போட்டுக்கொண்டோரும் நோயுற்றனர்.

இவற்றினும் பெரிய தடயம் கொட்டிலிலேயே இருந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வளர்ந்த பன்றிகளைப் பெரும்பாலும் படுக்கையில் தள்ளுவதில்லை. ஆனால் இப்பண்ணைகளில் பன்றிகள் மூச்சுத் திணறின. குரைப்பது போல் உரக்க இருமின. அவ்விருமலின் ஓசை தொலைவிலும் கேட்டமையால், 'ஒரு மைல் இருமல்' என்னும் பெயரே பின்னர் அதற்கு ஏற்பட்டது. சில பன்றிகள் நடை தடுமாறின. சில திடீரெனச் செத்தன. எனினும் செத்தவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவே. பன்றிகளுக்கு வழக்கமாக வரும் நோய்களைப் போலவே இதுவும் தோன்றியதால், அதனைத் தனி நோய் என எவரும் எளிதில் இனங்காணவில்லை. மனிதரிடத்துக் கொடியதாயிருந்த நோய், பன்றியிடத்து மென்மையாக நடித்தது. இதுவே அதன் சூழ்ச்சி.

காலம் கடந்தது. நோய் கண்ட வட்டாரத்துப் பன்றிகள் விற்கப்பட்டு லாரிகளில் தெற்கே சென்றன. டிசம்பரில் சிரம்பானுக்கு அருகிலுள்ள சிக்காமாட்டில் நோய் தலைகாட்டிற்று. பின்னர்ப் போர்ட்டிக்சன் வட்டாரத்துப் புக்கிட் பெலாண்டோக்கில் அது பெருந்தீயாய் மூண்டது. நாட்டின் மிகப் பெரிய பன்றி வளர்ப்புப் பகுதிகளில் ஒன்று அது. அச்சம் கொண்ட மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினர். சிங்கப்பூரிலோ 1999 மார்ச்சில், மலேசியப் பன்றிகளைக் கையாண்ட இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். பன்றி சென்ற வழியிலேயே நோயும் சென்றது. கொசு சென்ற வழியில் அன்று.

ஊரின் பெயர் பெற்ற கிருமி

1999 மார்ச்சுத் தொடக்கத்தில் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்து வளர்த்தார். அது உயிரணுக்களை ஒன்றோடொன்று இணைத்துப் பெரும் திரள்களாக்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமியின் இயல்பு அதுவன்று. அவர் மாதிரிகளை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் போர்ட் காலின்ஸ் நகரிலுள்ள நோய்த்தடுப்பு ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். மின்னணு நுண்ணோக்கியில் கண்டபோது, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, மாட்டின் வெக்கை நோய் ஆகியவற்றின் கிருமிகள் சேர்ந்த குடும்பத்தைப் போன்ற தோற்றம் புலப்பட்டது.

அக்குடும்பத்தில் எது? விடை ஒரு குதிரை லாயத்திலிருந்து வந்தது. 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், ஹெண்ட்ரா என்னும் பகுதியில், பந்தயக் குதிரைகள் பத்துக்கு மேற்பட்டவை இறந்தன. அவற்றைப் பேணிய பயிற்சியாளரும் இறந்தார். கீலாங் நகரிலுள்ள விலங்கு நல ஆய்வுக்கூடத்தார் அதன் கிருமியைக் கண்டறிந்தனர். பழந்தின்னி வௌவால்களே அதன் இருப்பிடம் என்பதும் 1996இல் தெரியவந்தது. அந்த ஹெண்ட்ராக் கிருமிக்குரிய சோதனைப் பொருள்கள் அமெரிக்காவில் இருந்தன. அவற்றைக்கொண்டு சோதித்தபோது மலேசியக் கிருமி ஹெண்ட்ராவுக்கு நெருங்கிய உறவு என்பது வெளியாயிற்று. உறவேயன்றி அதுவே அன்று. முற்றிலும் புதிய கிருமி.

குதிரைக்கு வந்த நோயைச் சிலர் ஐந்தாண்டுகளுக்கு முன் பொறுமையாக ஆராய்ந்து வைத்திராவிடில், இப்புதிய கிருமியை அடையாளங்காண மேலும் பல நாள் பிடித்திருக்கும். அந்நாட்களில் எத்தனை பேர் கொட்டிலில் இறங்கியிருப்பர் என்பதை எண்ணிப் பார்த்தால், விலங்கு ஆராய்ச்சியின் அருமை விளங்கும்.

கிருமி எடுக்கப்பட்ட நோயாளி சுங்கை நிப்பாச் சிற்றூரைச் சார்ந்தவர். ஆகவே அக்கிருமிக்கு நிப்பா என்று பெயரிட்டனர். நிப்பா என்பது கழிமுகங்களில் வளரும் ஒருவகைப் பனை. அதன் ஓலைகொண்டே அத்தாப்புக் கூரை வேய்வர். நிழல் தரும் கூரைக்குரிய பெயர், உலகம் அஞ்சும் நோய்க்குரிய பெயராக மாறியது வரலாற்றின் விந்தை.

காரணம் தெரிந்தபின் செய்யவேண்டியது யாது என்பதும் தெரிந்தது. பிப்ரவரி இறுதியில் தொடங்கிய பன்றி ஒழிப்பு, இராணுவத்தின் துணையோடு விரைவுபடுத்தப்பட்டது. பன்றிகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு செல்வது தடுக்கப்பட்டது. 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. 1999 மே மாதத்துக்குள் நோய் ஓய்ந்தது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டிருந்தனர். பிழைத்தோருள்ளும் சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மூளைக்காய்ச்சல் மீண்டும் வந்தது. ஆயிரக்கணக்கானோர் வாழ்வாதாரம் இழந்தனர்.

வௌவாலும் மாமரமும்

பன்றிக்கு நோய் எங்கிருந்து வந்தது? ஹெண்ட்ராவின் வரலாறு வௌவாலைச் சுட்டியது. மலாய்க்காரர் கெலுவாங் என்று அழைக்கும் பெரிய பழந்தின்னி வௌவால்களின் இரத்தத்தில் அந்நோய்க்குரிய எதிர்ப்புப் பொருள் இருப்பதைக் கால்நடை ஆய்வாளர்கள் கண்டனர். பின்னர்ச் சுவா காவ் பிங்கும் அவர் துணைவரும் தியோமான் தீவில் வௌவால்கள் தங்கும் மரங்களின் அடியில் பிளாஸ்டிக் விரிப்புகளைப் பரப்பி, விழுந்த சிறுநீரைத் திரட்டினர். வௌவால் கடித்துப் போட்ட பழங்களையும் சோதித்தனர். இரண்டிலும் நிப்பாக் கிருமி கிடைத்தது. 2002இல் இச்செய்தி வெளியாயிற்று.

1997இல் எழுந்த காட்டுத்தீப் புகைமூட்டமே வௌவால்களைத் தோட்டங்களுக்கு விரட்டியது என்று ஒரு கருத்து எழுந்தது. ஆனால் பழைய குறிப்புகளை ஆராய்ந்தபோது, முதல் நோயாளி 1997 ஜனவரியிலேயே தோன்றியது தெரியவந்தது. புகைமூட்டமோ அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்தது. பின் வந்தது முன் நிகழ்ந்ததற்குக் காரணமாதல் இயலாது. 2012இல் வெளிவந்த ஆய்வொன்று வேறு விளக்கம் தந்தது. நோய் தோன்றிய பெரும் பண்ணையில் 30,000க்கும் மேற்பட்ட பன்றிகள் இருந்தன. கொட்டில்களை ஒட்டி மாமரங்கள் நடப்பட்டிருந்தன. வௌவால் கடித்த கனி கொட்டிலில் விழ, பன்றி அதனை உண்டது. சிறு பண்ணையாயின் நோய் பரவி அங்கேயே அவிந்திருக்கும். பெரும் பண்ணையில் புதிய குட்டிகள் ஓயாது பிறந்தமையால் கிருமிக்கு ஓயாது இரை கிடைத்தது. ஒரே நிலத்தில் இரு வருவாய் தேடியதில் குற்றமொன்றுமில்லை. அதன் விளைவை முன்னறிந்தோர் எவருமில்லை.

நோய் கற்பித்த பாடம்

மலேசியாவில் அடங்கிய நோய் பிற நாடுகளில் எழுந்தது. 2001 முதல் வங்காள தேசத்தில் அது பன்றியின்றியே பரவிற்று. வௌவால் நக்கிய ஈச்சம் பதநீரைக் குடித்தோர் நோயுற்றனர். 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் 17 பேரைக் கொன்றது. நோயாளியிடமிருந்து பேணுவோருக்கும் பரவியது. அக்காலை கேரளத்தார் விரைந்து செயற்பட முடிந்ததற்கு ஒரு காரணம், நோயின் பெயரும் குணமும் முன்பே உலகுக்குத் தெரிந்திருந்தமையே. சுங்கை நிப்பாவின் துயரம் பிறருக்கு எச்சரிக்கையாயிற்று.

ஆஸ்திரேலியாவில் 2012இல் ஹெண்ட்ரா நோய்க்குத் தடுப்பூசி வழங்கப்பட்டது. அது மனிதனுக்கு அன்று, குதிரைக்கு. குதிரை காக்கப்பட்டால் அதனைப் பேணுபவனும் காக்கப்படுவான் என்பதே அதன் கருத்து. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கால்வின் சுவாபே, 1964இல் வெளியிட்ட கால்நடை மருத்துவமும் மனித நலமும் பற்றிய நூலால் புகழ்பெற்றவர். மருத்துவம் ஒன்றே என்பது அவர் வலியுறுத்திய கொள்கை. அது ஈண்டு கண்கூடாக நிறைவேறியதைக் காணலாம்.

நிப்பா வரலாற்றில் பழிக்கத்தக்க மூடர் எவருமில்லை. தெரிந்த நோயொன்று தெரியாத நோயை மறைத்தது, அவ்வளவே. ஆயினும் யார் வீழ்ந்தனர், யார் வீழவில்லை என்ற எளிய கேள்வியைக் கடைசிவரை விடாது கேட்டோரே உண்மையை எட்டினர். நோயாளியின் கட்டிலருகே கேட்ட அக்கேள்விக்கு விடையில் பாதி, இருமிக்கொண்டிருந்த பன்றியின் கொட்டிலில் இருந்தது. இரண்டு இடத்திலும் ஒருங்கே காது கொடுப்பதற்கு ஆறு மாதம் பிடித்தது. இனி ஒரு புதிய காய்ச்சல் எங்கேனும் தோன்றுமாயின், அந்த ஆறு மாதம் ஆறு நாளாகக் குறையவேண்டும். மாண்ட 105 பேருக்குச் செலுத்தத்தக்க நன்றிக்கடன் அதுவே.