ரஷ்ய மலையும் கோட்டாறு ராட்டினமும்

ரோலர் கோஸ்டருக்குப் பிரெஞ்சுல பேரு 'ரஷ்ய மலைகள்'. ரஷ்யாக்காரங்க கிட்ட கேட்டா 'அமெரிக்க மலைகள்'ம்பாங்க! பனிமேடு கட்டிச் சறுக்கி விளையாடினது என்னவோ ரஷ்யாக்காரங்கதான். 1817ல பாரீஸ்ல அதுக்குச் சக்கரம் மாட்டித் தண்டவாளத்துல ஓட விட்டாங்க.

கோபன்ஹேகன்ல டிவோலி பூங்கா 1843ல திறந்தது. ஆபீஸ் வேலையா போனப்ப, அங்க 1914ல கட்டின மரக் கோஸ்டர்ல ஏறினேன். உச்சிக்கு இழுத்து விடுறதோட சரி, மிச்சமெல்லாம் புவியீர்ப்புதான். வண்டியிலயே ஒரு ஆள் உக்காந்து கையால பிரேக் பிடிக்கிறாரு. வேகம் கம்மிதான். ஆனா மனுஷர் எந்த இறக்கத்துல எவ்வளவு விடுவார்னு தெரியாதே, பயமே அதுலதான். ஐரோப்பாவுல நான் ஏறினதுல முதல் மார்க் இதுக்குத்தான். கம்ப்யூட்டர் ஓட்டுற இரும்புக் கோஸ்டரெல்லாம் அப்புறம். (கோட்டாறு சவேரியார் திருவிழா ராட்டினமும் ஆள் தயவுலதான் சுத்தும். பெல்ட் எங்கேன்னு மட்டும் கேக்கப்படாது :-))

நம்ம ஊர் கதை வேற. தாம்பரம் பக்கம் 1990கள்ல கிஷ்கிந்தாவைக் கட்டினவர் நவோதயா அப்பச்சன், 1984ல 'மை டியர் குட்டிச்சாத்தான்' 3டி படம் தயாரிச்சவர். கொச்சி வீகாலேண்ட் 2000ல வந்தது, வி-கார்ட் கம்பெனிக்காரரோடது. இப்ப பேரு வொண்டர்லா. 1956லயே நாம தமிழ்நாட்டோட சேந்தாச்சு. ஆனாலும் எங்க ஸ்கூல் டூர் பஸ் ஆரல்வாய்மொழி பக்கம் திரும்பல, களியக்காவிளை வழியா கொச்சிக்குத்தான் போச்சு. சென்னை 700 கிலோமீட்டர், கொச்சி அதுல பாதிகூட இல்லயே!

2025 டிசம்பர்ல சென்னையிலயும் வொண்டர்லா திறந்துட்டாங்க. நான் இன்னும் போகல. போனவங்க சொல்லுங்க மக்கா, கொள்ளாமா?