கீழ்ப்பாக்கம், குணசீலம், குத்தாலம்: மறதிக்கு மட்டும் ஊர் இல்லை

சென்னையில ஒருத்தரைக் கேலி பண்ணணும்னா ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்பார்கள். திருச்சிப் பக்கம் குணசீலம். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு ஏர்வாடி. நம்ம தென்காசிப் பக்கம், ‘குத்தாலத்துல கொண்டு போய் நிப்பாட்டுல’. கேலிதான். ஆனா ஒவ்வொரு கேலிக்குள்ளயும், புத்தி தடுமாறியவர்களைத் தங்கவைத்துப் பார்த்த ஓர் இடத்தின் வரலாறு இருக்கு. ஆச்சரியம் என்னன்னா, வயசான காலத்தில் பெயர், முகம், வீட்டுக்கு வழி எல்லாம் மறந்துபோகும் டிமென்ஷியாவுக்கு மட்டும் இப்படி ஓர் ஊர்ப்பெயர் கிடையாது.

முதலில் அந்த ஊர்களைப் பார்ப்போம். குற்றாலத்துக்குக் கூட்டி வந்து, தலையில் எண்ணெய் வைத்து, அருவிக்கு அடியில் நிறுத்துவது பழைய வழக்கம். சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சன்னதிக்கு முன்னால் ஒரு சக்கரக் குழி உண்டு. வேலப்ப தேசிகர் அமைத்தது என்பார்கள். பாதிக்கப்பட்டவரை அதில் உட்கார வைப்பார்கள். அருவியானாலும் கோயிலானாலும் நோயாளி தனியாக வருவதில்லை. அம்மாவோ அண்ணனோ கூடவே வந்து தங்குவார்கள்.

1871-ல் கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநோய் விடுதி திறந்தபோது இது தலைகீழானது. நோயாளி உள்ளே, குடும்பம் வெளியே. இதை மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. 1950-களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டு உறவினர்களையும் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-ல் தொடங்கியது. குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பெறுவதே அங்கே முறை. 2002-ல் பி.எம்.ஜே. இதழில் ஒரு கட்டுரை வந்தது. தமிழ்நாட்டில் ஒரு முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பற்றியது. மருந்து இல்லை, பெரிய சடங்கும் இல்லை. உறவினரோடு சில வாரங்கள் தங்கியதிலேயே நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன.

சரி, மறந்துபோன தாத்தாக்களை ஏன் யாரும் எங்கேயும் கூட்டிப் போகலை? அது நோய்னே தோணலை, அதான். ‘வயசாச்சுல்லா’, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் இதற்கு ‘அறளை பெயர்ந்து போச்சு’ என்று ஒரு சொல்லே இருக்கு.

நம்மூர் மட்டும் இப்படி இல்லை. 1901-ல் பிராங்பர்ட் விடுதியில் அலாய்ஸ் அல்சைமர் பார்த்த அகுஸ்தே டேட்டருக்கு வயசு 51. அதனால்தான் அது விசித்திரமாகத் தெரிந்தது. எண்பது வயசாக இருந்திருந்தால் யாரும் கட்டுரை எழுதியிருக்க மாட்டார்கள். முதியவர்களுக்கு வருவதும் அதே நோய்தான் என்று ராபர்ட் காட்ஸ்மன் அடித்துச் சொன்னது 1976-ல். முக்கால் நூற்றாண்டு தாமதம்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்ட எண் 2008-ல் லான்செட் இதழில் வந்தது. 65 வயதைத் தாண்டியவர்களிடம் பல நாடுகளில் நடத்திய ஆய்வு அது. அமெரிக்க டி.எஸ்.எம். அளவுகோலை வைத்துப் பார்த்தால் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் டிமென்ஷியா வெறும் 0.3 சதவீதம். ஆய்வுக்குழு தானே உருவாக்கிய அளவுகோலை வைத்து அதே ஆட்களைப் பார்த்தால் 10 சதவீதத்தை ஒட்டி வருகிறது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? அன்றாட வேலைகள் கெட்டுப்போயிருந்தால்தான் டி.எஸ்.எம். அதை நோய் என்று கணக்கில் எடுக்கும். நம்ம வீட்டில் பாட்டிக்கு என்ன வேலை? சோறு தட்டில் வந்துவிடும். பேங்குக்குப் பையன் போவான். மருமக தலை சீவிவிடுவா. பாட்டி தெருவில் இறங்கினாலும் நாலாவது வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருவார். கெட்டுப்போனது எதுவும் வெளியே தெரியாது. என் தொழில் பாஷையில் சொன்னா, எர்ரர் வந்துகிட்டே இருக்கு, ஆனா ஒவ்வொண்ணையும் யாரோ பிடிச்சுச் சரி பண்ணிடுறாங்க. லாக்கில் எதுவும் பதிவாகலை.

ஆக, நம்ம பக்கம் மறதி நோய்க்கான தங்குமிடம் திண்ணைதான். அதன் ஊழியர்கள் பெரும்பாலும் மருமகளும் மகளும். சம்பளம், விடுப்பு, ஷிப்ட் எதுவும் இல்லாத வேலை. இதைப் பொற்காலம்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

இன்னைக்கு அந்த வீடுகளில் பிள்ளைகள் இல்லை. என்னை மாதிரி ஆட்கள் சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்துகொண்டு சிசிடிவியில் அப்பா அம்மாவைப் பார்க்கிறோம். 2023-ல் வெளியான லாசி-டாட் ஆய்வின்படி 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா. 1990-களில் திருப்போரூர்ப் பக்கம் எடுத்த கணக்கு 3.5 சதவீதம். நோய் இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்று இதை வாசிக்கக் கூடாது. அளவுகோல் வேற, ஆட்கள் வேற.

தங்கவைத்துப் பார்க்கும் இடம் வேணும்தான், ஆனா எந்த மாதிரி இடம்? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை; 28 பேர் இறந்தார்கள். அங்கேயும் தர்காவைச் சுற்றி ஒருகாலத்தில் குடும்பத்தோடு தங்கினவர்கள்தான். பிறகு குடும்பம் பணம் மட்டும் அனுப்ப ஆரம்பிச்சது. நாலு சுவரும் பூட்டும் இருந்தா போதும் என்கிற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும்னு பார்த்தாச்சு.

இன்னொரு பாதை மலைக்கு அந்தப் பக்கம் தொடங்கியது. 1992-ல் கொச்சியில் டாக்டர் ஜேக்கப் ராய், தன் தந்தைக்கு வந்த நோயைப் பார்த்துவிட்டு ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்பைத் தொடங்கினார். மேலே சொன்ன லான்செட் ஆய்வை நடத்திய 10/66 குழு உருவானதும் 1998-ல் அதே கொச்சியில்தான். தென்காசியிலிருந்து செங்கோட்டை தாண்டினால் கேரளா. செங்கோட்டையே 1956 அக்டோபர் வரை அந்தப் பக்கத்து ராஜ்யம்!

இந்த மண்ணில் அப்படி ஒன்று முளைக்காது என்றும் சொல்ல முடியாது. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில், விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் அங்கே தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். குடும்பத்துக்கும் பராமரிப்பு சொல்லிக் கொடுக்கிறார்கள்.

டிமென்ஷியாவுக்கு அந்த அளவு யோசனை சட்டத்தில்கூட இல்லை. 2007-ம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது 150 பேர் தங்கும் முதியோர் இல்லம் அமைக்கலாம் என்கிறது, அதுவும் வறியவர்களுக்கு. தென்காசி 2019-ல் தனி மாவட்டம் ஆயிடுச்சு; கணக்குப்படி ஒரு 150 இடம் இங்கேயும் வரணும். ராத்திரி மூணு மணிக்கு எழுந்து, ‘எங்க வீட்டுக்குப் போணும்’னு கதவைத் தட்டுற பெரியவருக்கு அதில் இடம் உண்டா என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை.