வெட்டிய வாலில் முளைத்த கால்கள்: வைட்டமின் ஏ செய்யும் வேலை என்ன?

தலைப்பிரட்டையின் வாலை வெட்டினால் வால்தானே முளைக்கணும்? ஒடிசாவின் உத்கல் பல்கலைக்கழகத்தில் கால்கள் முளைத்தன! வெட்டிய பிறகு வைட்டமின் ஏ கலந்த நீரில் விட்டதுதான் காரணம். பிரியம்பதா மொஹந்தி ஹெஜ்மாதி (ஒடிசி நடனக் கலைஞரும்கூட) குழுவினரின் இந்த ஆய்வு, 1992-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. சோதனைக்கு எடுத்தது பலூன் தவளை. நம்ம தமிழ்நாட்டிலும் உண்டு. மண்ணுக்குள் பதுங்கியிருந்து மழைக்கு வெளியே வரும்.

எப்படி நடக்குது?

வெட்டுப்பட்ட இடத்தில் சேரும் செல்களுக்கு, 'உடம்பில் நாம எந்த இடம்' என்ற கணக்கு உண்டு. வைட்டமின் ஏ, ரெட்டினாயிக் அமிலமாக மாறி அந்தக் கணக்கையே மாற்றிவிடுகிறது. ஆக்சலாட்ல் என்ற மெக்சிகோ சாலமாண்டருக்கு மணிக்கட்டில் வெட்டினால், வழக்கமாக விரல்களோடு கைநுனி மட்டும் வளரும். வைட்டமின் ஏ கொடுத்தால், மணிக்கட்டிலிருந்தே மேல்கை தொடங்கி முழுக் கையும் வளர்கிறது.

மாத்திரை போட்டால் நமக்கும் விரல் முளைக்குமா?

முளைக்காது. ஆனால் கருவில் கை, கால், இதயம் உருவாவதிலும் இதே அமிலத்துக்குப் பங்கு உண்டு. வைட்டமின் ஏ அளவு மீறினால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரலாம். முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயினும் இந்தக் குடும்பம்தான். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. தோழிக்கு எழுதிய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்குவதும் ஆபத்து.

மயிலாப்பூர் மாட வீதியில் வாங்கும் முருங்கைக்கீரை, கேரட்டுக்கு இந்தப் பயம் வேண்டாம். அவற்றில் இருப்பது பீட்டா கரோட்டின். தேவையான அளவுக்குத்தான் உடல் அதை வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும்.