மிலான் நகரின் கண்ணாடிக் கூரை வீதி

இத்தாலி தேசத்து மிலான் நகரில், பேராலயத்தின் முன்றிலையும் ஸ்காலா என்னும் சங்கீத நாடகசாலையின் சதுக்கத்தையும் இணைத்து நிற்கும் விக்டர் இம்மானுவேல் காலரியை வெறும் கடைவீதி என்று சொல்லிவிட்டால், அதை எழுப்பியவர்களின் மனோரதத்தை அறியாதவர்களாகிவிடுவோம். 1859-இல் ஆஸ்திரியரின் ஆதிக்கம் நீங்கப்பெற்ற அந்நகரத்தார், ஐக்கிய இத்தாலிய ராஜ்யத்துக்கும் அதன் முதல் அரசருக்கும் ஞாபகச் சின்னமாக ஜயஸ்தம்பமோ அரண்மனையோ கட்டாமல், ஜனங்கள் உலாவவும் பண்டம் வாங்கவும் வம்பளக்கவும் உரிய வீதியொன்றையே தேர்ந்துகொண்டார்கள் என்பது என் மனத்துக்கு மிகவும் உகந்த செய்தி.

கூரையிட்ட கடைவழிகள் பாரிஸிலும் லண்டனிலும் அதற்கு முன்பே இருந்தன. அவை பெரும்பாலும் ஒடுங்கிய வழிகள். ஜுசெப்பே மெங்கோனி என்னும் கட்டடக்கலை நிபுணர் மிலானில் வகுத்ததோ, சிலுவை வடிவில் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்லும் இரண்டு அகன்ற வீதிகளும், அவை கூடும் அஷ்டகோண முற்றமும், அதன்மேல் 47 மீட்டர் உயரத்தில் இரும்பாலும் கண்ணாடியாலும் கவிந்த குவிமாடமும் ஆகும். இருபுறத்துச் சுவர்களில் பழைய மறுமலர்ச்சிக் காலத்து மாளிகைகளின் அலங்காரமெல்லாம் குறைவற விளங்க, மேலே கூரையில் மட்டும் ரயில் நிலையத்துக்குரிய இரும்புச் சட்டங்கள் எவ்விதப் பூச்சுமானமுமின்றி வெளிப்பட்டு நிற்கின்றன. இவ்விரண்டையும் விரோதமின்றி ஒருங்கே நிறுத்தியதுதான் அம்மனிதரின் சாமர்த்தியம். முற்றத்தின் மேற்சுவர்களில் ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய நான்கு கண்டங்களும் சித்திர ரூபமாக வீற்றிருக்கின்றன. தரையிலே பதித்த டூரின் நகரத்து இலச்சினையான காளையின்மேல் குதிகாலை ஊன்றிச் சுழன்றால் அதிர்ஷ்டம் வரும் என்ற நம்பிக்கையால், பாவம், அந்தக் காளைதான் ஓயாமல் தேய்ந்து குழிவிழுகிறது.

1865 மார்ச்சில் அரசரே அஸ்திவாரக் கல் நாட்டினார். 1867 செப்டம்பரில் திறப்புவிழாவும் நடந்தது. அக்காலத்தில் அந்தி வேளையானதும், குவிமாடத்தின் உட்புறத்தில் வளையமாக அமைந்த தண்டவாளத்தின்மேல் 'ரத்தீன்' என்னும் சிறு இயந்திரவண்டி ஓடி, வாயு விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிச் செல்வதைக் காணக் கூட்டம் அண்ணாந்து நிற்குமாம். ஆனால் பேராலயத்தை நோக்கிய மகா தோரணவாயில் மட்டும் பத்தாண்டுகள் நிலுவையாகவே கிடந்தது. அது முடியும் தறுவாயில், 1877 டிசம்பர் 30-ஆம் தேதி, வேலையைப் பார்வையிடச் சாரத்தின்மேல் ஏறிய மெங்கோனி தவறிவிழுந்து மாண்டார். பத்தாம் நாள், காலரிக்குத் தம் நாமத்தை அளித்த அரசரும் காலமானார்.

1943 ஆகஸ்டில் நேசநாட்டு விமானங்களின் குண்டுவீச்சால் கண்ணாடிக் கூரை நொறுங்கி விழுந்தது. யுத்தம் முடிந்தபின் அதை முன்னிருந்த வடிவிலேயே திரும்பச் சமைத்தார்கள். எத்தனையோ பெரிய வணிகர்கள் அங்கே கடை விரித்தும், கட்டடம் இன்றளவும் மிலான் நகரசபைக்கே சொந்தம். வணிகர்கள் அங்கே குடிக்கூலி கொடுத்து இருப்பவர்களே.